ஏழு வாரம் பழைய வரைபடம்

கப்பலில் அவருக்கு வியாழக்கிழமை என்று பெயர். இரண்டாம் அதிகாரி, கடல் வரைபடங்கள் அவர் பொறுப்பு. வியாழன்தோறும் கம்பெனியிலிருந்து திருத்தங்கள் வரும். எங்கோ ஒரு மிதவை நகர்ந்திருக்கும், எங்கோ மண் மேடிட்டிருக்கும். அதையெல்லாம் மேல்தளத்தில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷமாக இதே வேலை. முதல் அதிகாரி பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவர், மூன்றாவது தடவைக்குத் தெம்பில்லை என்று விட்டுவிட்டார். முன்பு ஒரு கப்பலில் அவரோடு ஆறு மாதம் இருந்திருக்கிறேன். "தூங்கினீங்களா?" என்று கேட்டால், "எந்த வருஷம்?" என்பார்.

அவரிடம் பொறுப்பு வாங்கத்தான் அன்று காலை கப்பலேறினேன். ஊரில் அவருக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு வண்டி வரும், சாயங்காலம் விமானம்.

ஒப்படைக்கும்போது, மாற்றுக் கம்ப்யூட்டரின் உள்பட்டியலைத் திறந்து காட்டினார். யாரும் அதைத் திறப்பதில்லை. மேலே இந்த வாரத் தேதி தெரிந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவோம். உள்ளே ஒரு வரைபடம் மட்டும் சிவப்பில் இருந்தது. எல்லாம் விட்டு இந்தத் துறைமுகத்தினுடையதுதான். ஒரு வாரத்து ஃபைல் விட்டுப்போயிருக்கிறது. வரிசை தப்பினால் அந்தச் சனியன் அடுத்ததை வாங்காது. ஏழு வாரமாக வாங்கவில்லை. ஏழு வாரமாக அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பேசாமல் பட்டியலை மூடியிருக்கலாம். நானாக இருந்தால் மூடியிருப்பேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லாம போனா உங்க தலையிலதான் விடியும்" என்று கேப்டனைக் கூப்பிடப் போனார்.

கேப்டன் வந்து பார்த்தார். திட்டவில்லை. அவருக்கும் அலுப்பு. என் பக்கம் திரும்பி, "நீங்க ஏத்துக்கறீங்களா? ஏத்துக்கிட்டா அவர் கிளம்பட்டும்" என்றார்.

'சரி' என்று ஒரு வார்த்தை போதும். ஃபைல் வந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் ஊரான் செய்த தப்பை முதல் நாளே என் தலையில் கட்டிக்கொள்வானேன்?

"எல்லாம் சரியானதும் கையெழுத்துப் போடறேன் சார்" என்றேன்.

சட்டப்படி அதுதான் சரி. இன்றைக்கும் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

விட்டுப்போன ஃபைலைக் கேட்டு அவர் கம்பெனிக்கு எழுதினார். இரண்டு மணிக்குக் கீழே வண்டி வந்தது, காத்திருந்து பார்த்துவிட்டுப் போனது. ஃபைல் வந்தபோது நாலரை; இனி விமானத்தைப் பிடிக்க முடியாது, வேறு டிக்கெட் இல்லாமல் கரையில் இறங்கவும் விடமாட்டார்கள். ஏழு வாரத்தில் மாறியிருந்தது ஒரே ஒரு விளக்கு. ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்னியது, இப்போது நான்குக்கு ஒருமுறை. அவ்வளவுதான். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியது. இனி அடுத்த துறைமுகத்தில்தான் இறங்க முடியும்.

சிக்னல் போவதற்குள் மனைவிக்குப் போன் போட்டார். பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

"ஏர்போர்ட் போயாச்சா?"

"இல்லம்மா. இன்னும் நாலு நாள் ஆகும்."

அந்தப் பக்கம் குழந்தையின் சத்தம் கேட்டது.

"சரி, விடுங்க. எப்படியும் உங்களைப் பார்த்தா புது ஆளுன்னு அழத்தான் போறா. நாலு நாள் கழிச்சு அழட்டும்."

அவர் சிரித்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.