"ஹரி சேர்" என்றதால் வந்த வினை

என் வீட்டுக்காரர் கசிப்பு என்ற கள்ளச்சாராயக் கேசில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். அங்கே பாலியல் நோய்கள் பற்றிச் சிங்களத்தில் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். அதிகாரி எது சொன்னாலும், புரியாவிட்டாலும், சிங்களத்தில் "ஹரி சேர்", அதாவது "சரி ஐயா", என்று தலையாட்டுவது எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆம்பிளைகளின் வழக்கம். ஒருவர் ஊசியை மற்றவர் பாவிக்கக் கூடாது என்றதற்கும் இவர் ஆட்டிவிட்டு, ஜெயிலிலேயே பலருக்குக் குத்திய அதே ஊசியில் என் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றார்!

கை வீங்கவே கிளினிக்குக் கூட்டிப்போனேன். இருவருக்கும் இரத்தம் எடுத்த நர்ஸ் தமிழில் சொன்னார்: "எச்.ஐ.வி. ஊசியாலயும் வரும்ங்க. அவர்கிட்டயிருந்து உங்களுக்கும் தொத்தலாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுக்குற ரிசல்ட் வர்றவரைக்கும் ஆணுறை போடச் சொல்லுங்க."

நல்லவேளை, இரண்டு ரிசல்ட்டிலும் இருவருக்கும் ஒன்றுமில்லை.

இப்போது எங்கள் லயத்து வீடுகளுக்கு யார் ஜெயிலிலிருந்து வந்தாலும், புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்துத் தமிழில் இதை உடைத்துச் சொல்கிறேன்.

"பொம்பள பேசுற பேச்சா இது?" என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

"அப்ப நீங்க பேசுங்க, நான் நிறுத்துறேன்" என்றேன்.

அவர் இன்றுவரை யாரையும் உட்காரவைத்துப் பேசவில்லை. நானும் நிறுத்தவில்லை.