தைத்து மூடிய அரச அங்கி

ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம், த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை விட்டு நான் தனியாக எங்கும் போனதில்லை. பஸ்ஸில் போகிறேன் என்றால், "நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு?" என்பார் என் கணவர். அவரோ எப்போதும் வேலையில்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். அவர்களுடைய தமிழ்ச் சங்க நாடகத்தில் அரசனாக நடிக்க வேண்டியவர் காய்ச்சலில் விழ, அந்த உயரத்துக்கு நான்தான் அகப்பட்டேன். அக்கா விடாமல் கேட்டதால் கணவர் அரைமனதாகச் சம்மதித்தார்.

வடநாட்டு அரசர்கள் மற்ற உடைகளுக்கு மேல் அணிந்த சோகா என்ற நீண்ட அங்கியை, நூலகப் புத்தகத்துப் படம் பார்த்து அக்காவே தைத்திருந்தார். ஏவன்டேல் சந்தையில் வாங்கிய சிவப்பு வெல்வெட் திரைச்சீலை, ஓரமெல்லாம் ஜரிகை. மேடையேறும் நேரம் பார்த்துக் கொக்கிகள் தெறித்தன. கழுத்திலிருந்து இடுப்பு வரை என்னை உள்ளே வைத்தே தைத்துவிட்டார்.

"இதை எப்படிக்கா கழட்டுறது?"

"ராசாமார் தாங்களாக் கழட்டுறேல்லை பிள்ளை. அதுக்கு ஆக்கள் நிப்பினம். முடிஞ்ச உடனை வாரும், வெட்டிவிடுறன்."

ஆனால் நாடகம் முடிந்ததுமே கணவர் என்னைக் காருக்கு இழுத்துப்போனார். அவருக்கு மாலை ஷிப்ட். கோடை வெயிலில் வெல்வெட் கொதித்தது. அக்குள் இறுகி, கையைத் தூக்க முடியவில்லை. கழுத்துத் தையல் தொண்டையை அழுத்தியது.

"மூச்சு முட்டுதுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

பெட்ரோல் போட நிறுத்தி, பணம் கட்ட உள்ளே போனார். எதிரே ஒரு டெய்ரி, இந்த ஊரில் தெருமுனை மளிகைக்கடைக்கு அதுதான் பெயர், தெரிந்தது. அங்கியை வாரிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். கல்லாவில் இருந்த குஜராத்தி அம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள். பேச வராமல் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். பத்திரிகைக் கட்டு வெட்டும் கத்தரியை எடுத்துவந்து, ஒவ்வொரு தையலாக நறுக்கினாள். பிறகு ஒரு முக்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"இங்க என்ன பண்றே?" வாசலில் கணவர்.

"தண்ணி குடிக்கிறேன்."

குடித்து முடித்துத்தான் எழுந்தேன். அப்புறம் பல வாரங்கள் என்னை அக்கா வீட்டுக்குக்கூட அனுப்பவில்லை.

குளிர்காலத்தில் அந்தக் குஜராத்தி அம்மாள் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, கடைக்கு ஆள் வேண்டும் என்றாள். அவள் எதிரில் கணவரால் மறுக்க முடியவில்லை. காலை நேரத்தில் மட்டும் போகலாம் என்றார்.