தூங்கும் டிவிக்கு எத்தனை வாட்?

"மிக்ஸி பதினஞ்சு செகண்ட். இஸ்திரிப் பெட்டி எட்டு. பவுனு, அடுத்தது ஃபேன்!"

மாடிப்படிக்கு அடியில், கரண்ட் மீட்டர் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் தூரத்தில் நிற்கிறார் ராஜகோபாலன். தோளில் துண்டு, உள்ளங்கையில் கைக்கடிகாரம். வீட்டு வேலைக்கு வரும் பவுனு உள்ளே சுவிட்சைப் போடுகிறாள். மீட்டருக்குள் அலுமினியத் தட்டு சுழல்கிறது. அதன் விளிம்பிலுள்ள கறுப்புக் கோடு ஒருமுறை மறைந்து மீண்டும் தெரிய எத்தனை வினாடி ஆகிறதோ, அந்த எண்ணால் ஆறாயிரத்தை வகுத்தால் வாட் கணக்கு வந்துவிடும். வகுக்க அவருக்குக் காகிதம் வேண்டாம்.

தலைநகரில், கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறார். ஆபீசில் புள்ளிவிவரப் பிரிவு. 'சுமார்' என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று விருந்தாளி கேட்டால், "நானூத்திப் பன்னண்டு அடி. என் காலுக்கு" என்பார். நாற்பத்தொன்பது புள்ளி ஆறை ஐம்பதாகப் போட்டுவிடும்படி மேலதிகாரி ஒருமுறை சொன்னபோது, "அம்பது ஆகணும்னா அதுவா ஆகட்டும் சார், நான் ஆக்க மாட்டேன்" என்று கோப்பைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போனது இரண்டு வருஷமல்ல, இருபத்து மூன்று மாதம் என்று திருத்துவார்.

அந்தப் பலகையில் அடுத்தடுத்து ஆறு வீட்டு மீட்டர்கள். அவற்றை அவர் முகங்களைப் போலப் படிப்பார். "எதிர் வீட்டுல விருந்தாளி. வெந்நீர் கெய்சர் மூணாவது தடவையா ஓடறது" என்பார். சற்று நேரத்தில் எதிர்வீட்டு சர்தாரிணி சர்க்கரை கேட்டு வந்து நிற்பாள். அவளுக்கு இவர் 'மீட்டர் சாப்'. எல்லோருக்கும் அவர்மேல் பிரியம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் கடிகாரத்தோடு அவர் படியேறும் சத்தம் கேட்டால் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும். கச்சிதமாக அளக்க, தட்டைப் பார்க்க ஒரு ஆள், வினாடியைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே! பெரும்பாலும் அகப்படுகிறவர் மேல்வீட்டு சேஷன். சாது. 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர்.

அந்த மே மாதம் வீட்டுக்கு ஒரு கலர் டிவி வந்தது. மாப்பிள்ளை அனுப்பியது. ரிமோட் உண்டு. மனைவி சுந்தரவல்லி, சரோஜினி நகர் மார்க்கெட் நெரிசலில் விழுந்து, முழங்கால்வரை மாவுக்கட்டு போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். ரிமோட்டை அழுத்தினால் படம் போய்விடும். ஆனால் பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். ராஜகோபாலனுக்கு அது பொறுக்கவில்லை.

"அணைச்சா அணைஞ்சிருக்க வேண்டாமோ? ஆபீஸ்லதான் தூங்கறவனுக்கெல்லாம் சம்பளம். வீட்லயுமா?" என்று சுவரிலிருந்த சுவிட்சையே அணைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார்.

"நீங்க அணைச்சுட்டுப் போயிடறேள். பவுனு பதினோரு மணிக்குப் போயிடறா. அப்புறம் யாரு எழுந்து போடறது? நாலு சுவத்தையும் எத்தனை நாழி பாக்கறது?" என்றாள் சுந்தரவல்லி.

மத்தியானம் கல்லூரிப் பாடம், மாலையில் உழவர் நிகழ்ச்சி, இரண்டும் அவளுக்குப் பாதி புரியாத இந்தியிலும் இங்கிலீஷிலும். என்றாலும் விடாமல் பார்த்தாள். ஹரியானா உருளைக்கிழங்குக்கு என்ன நோய் வரும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தாள். அந்தப் பெட்டியை விட்டால் அவளோடு பேச நாளெல்லாம் வேறு யாரும் இல்லை.

ராஜகோபாலன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை அளந்துடறேன். அஞ்சு வாட்டுக்குள்ள இருந்தா எரியட்டும். அஞ்சைத் தாண்டினா அணைச்சுடறதுதான். சம்மதமா?"

"நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள், சுரத்தில்லாமல்.

ஞாயிறு காலை பத்து மணிக்கே அனல் காற்று ஆரம்பித்துவிட்டது. மேல்வீட்டுக் கதவில் பூட்டு. மலை மந்திர் கோயிலுக்குப் போகப் போவதாக சேஷன் முந்தைய நாளே சொல்லியிருந்தார். ராஜகோபாலன் தனியாகவே இறங்கினார். முதலில் படம் ஓடும்போது: எழுபத்திரண்டு வினாடி. "எண்பத்து மூணு புள்ளி மூணு!" என்று வீட்டைப் பார்த்துக் கூவினார். அடுத்து, தூங்கும்போது. ஃபேன், ஃப்ரிட்ஜ், பூஜை அலமாரி பல்பு எல்லாம் அணைந்தன.

"அய்யா, எல்லாம் அணைச்சாச்சு! அந்தச் செவப்பு மட்டும் முழிச்சிக்கிட்டுக் கெடக்குது!"

"அச்சா! யாரும் எதையும் தொடாதீங்கோ!"

தட்டு நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கறுப்புக் கோடு எறும்பு வேகத்தில் போய் மறைந்தது. மூன்று நிமிஷம். ஆறு நிமிஷம். கழுத்து வியர்வை முதுகில் இறங்கியது. ஒன்பதாவது நிமிஷத்தில், கோடு இதோ வரப்போகிறது என்றிருந்தபோது, ஓரக்கண்ணில் ஏதோ மின்னியது. சேஷன் வீட்டுத் தட்டு பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு வினாடிக்கு ஒரு சுற்று. ஆயிரம் வாட். ஹீட்டர் அடுப்பு!

பூட்டின வீட்டில் ஹீட்டர்.

தன் மீட்டரைப் பார்த்தார். சேஷன் மீட்டரைப் பார்த்தார். அந்தத் தட்டு இரண்டு சுற்று சுற்றும்வரை அவரால் நகர முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு வினாடிக்காகப் பிறகு பல நாள் வெட்கப்பட்டார். பிறகு சேஷன் வீட்டு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஆக் லகி! ஆக் லகி!" என்று நெருப்புக் கூச்சல் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். சர்தாரிணி வாளித் தண்ணீரோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

பூட்டை இழுத்து ஆட்டும்போது ஜன்னல் திரை விலகியது. கம்பிக்குப் பின்னால், கையில் காப்பிப் பாத்திரத்தோடு சேஷன்.

"சேஷன்! உள்ளயா இருக்கேள்?"

"இல்லை" என்றார் சேஷன், பதறிப்போய்.

சர்தாரிணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

மனைவியையே வெளியிலிருந்து பூட்டச் சொல்லி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, சேஷன் உள்ளே ஒளிந்திருந்தார். கேஸ் தீர்ந்ததால் ஹீட்டரில் காப்பி. ஆறு வீட்டுக் கதையையும் தட்டைப் பார்த்தே சொல்லும் ராஜகோபாலனுக்கு, ஒரு மனிதர் தனக்குப் பயந்து பூட்டின வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது மட்டும் தோன்றவில்லை. முகம் சிறுத்துப்போயிற்று. திரும்பி ஒரு படி இறங்கினார்.

"சார், ஒரு நிமிஷம்." ஜன்னல் கம்பி வழியாக ஒரு சாவி நீண்டது. "இன்னொரு சாவி இருக்கு. திறங்கோ. டைம் நான் பாக்கறேன்."

சேஷன் வெறுங்காலோடு வந்து மீட்டர் பலகை அருகே நின்றார். உள்ளே எல்லாம் இன்னும் அணைந்தே கிடந்தன.

"சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. வாரத்துல ஒரு நாள்தானே லீவு..."

"பேசாதீங்கோ. கோடு வர்றது."

பத்து நிமிஷம் பன்னிரண்டு வினாடி. சேஷன் இரண்டுமுறை சரிபார்த்தார். ஆறாயிரத்தை அறுநூற்றுப் பன்னிரண்டால் வகுத்து ஒன்பது புள்ளி எட்டு என்று ராஜகோபாலன் சொன்னபோது, அவர் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

இருவரும் உள்ளே போனார்கள். காற்றில்லாத அறை அடுப்பாகக் கொதித்தது. சுந்தரவல்லி மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்து, பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது. இருபது நிமிஷமாக அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஃபேனைப் போடச் சொல்லவுமில்லை.

"என்ன ஆச்சு? எவ்வளவு?" என்றாள்.

ராஜகோபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலு" என்றார். "சுமாரா நாலு."

சேஷன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "சார், ஒன்பது புள்ளி எட்..."

சுந்தரவல்லியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, ராஜகோபாலன் தன் வலது செருப்புக் காலைத் தூக்கி, சேஷனின் வெறுங்கால்மேல் அழுத்தி வைத்தார்.