அண்ணனின் கால் பெட்டி

பெங்களூருக்குப் போய்விட்டு வந்த என் அண்ணன், பலமனேர் வழியாக வரும் பஸ்ஸிலிருந்து ஒரு சிறிய இரும்புப் பெட்டியோடு இறங்கினான். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒயரை அதில் செருகி, மேலே இருந்த பொத்தானைக் காலால் மிதித்தால், கணீரென்று ஒலித்த தந்தி கரகரவென்று உறுமும். மறுபடி மிதித்தால் பழையபடி ஆகிவிடும். ஓவர்டிரைவ் என்று அதற்குப் பெயர் சொன்னான். "பஸ் ஏறிப் போயி, கெட்டுப்போன சத்தத்த வாங்கிக்கினு வந்துக்கிறான்" என்றார் நைனா. ஒன்பது வயதில் எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அம்மா மட்டும் கேலி செய்யவில்லை. சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் பல வருடம் முன்வரிசையில் நின்று பாடியவள். முந்தைய வருடம் வேலூரில் தொண்டைக் கட்டியை அறுத்து எடுத்ததில் உயிர் தங்கியது, குரல் கிழிந்துபோயிற்று. பேசினாலே தகரத்தைத் தரையில் இழுப்பது போல இருக்கும். அதன்பின் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள். அதைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருக்கும்.

சாயங்காலங்களில் அண்ணன் பெட்டியின் குமிழைக் கொஞ்சம் திருப்பி, "இப்ப பாடும்மா" என்பான். அம்மா ஒரு வரி பாடுவாள். இன்னும் கொஞ்சம் திருப்புவான். "இது என் தொண்ட மாதிரியே கீதுடா" என்று ஒருநாள் சிரித்தாள். பெட்டியைத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நான் இருந்துவிட்டேன்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணிக்காயும் வாழைத்தாரும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்க, ஒவ்வொரு குடும்பமாக எழுந்து போய் ஒரு பாட்டுப் பாடிக் காணிக்கை படைப்பது எங்கள் சபையின் வழக்கம். எங்கள் முறை வந்தபோது அம்மாவும் எழுந்து வந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அண்ணன் பெட்டியை மிதித்தான். கிட்டார் கரகரக்க, அம்மா வாயைத் திறந்தாள். குரல் எது, கிட்டார் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, பழைய அம்மாவாகவே பாடினாள்.

பக்கத்தில் நின்ற எனக்கோ ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடம் கழித்து அம்மா பாடுகிறாள், அதை இந்தப் பாழாய்ப்போன பெட்டி விழுங்குகிறதே. இரண்டாவது சரணத்தில் காலை நீட்டிப் பொத்தானை மிதித்துவிட்டேன்.

கிட்டார் மெலிந்துபோக, அம்மாவின் குரல் மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா கண்ணைத் திறந்தாள். பாதி வரியில் நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு நடந்தாள். அண்ணன் மிச்சப் பாட்டைத் தனியாக வாசித்து முடித்தான்.

அதற்குப்பின் அவள் உயிரோடு இருந்த ஆறு வருடத்தில் ஒரு வரிகூடப் பாடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும், "எல்லாருக்கும் உன் கொரல் கேட்டுச்சாம்மா?" என்று பெருமையாகக் கேட்டேன். "கேட்டுச்சி கண்ணு" என்று என் தலையைத் தடவினாள். வாசலில் அண்ணன் ஒயரைச் சுருட்டியபடி அழுதுகொண்டிருந்தான். நான் மிதித்ததில் பெட்டி உடைந்துவிட்டது, பாவம், அதற்குத்தான் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.