பீலாவும் பீலியாவும்

கீதாவுக்குச் செம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் எழுதும் நோய்க்கு உரிய 'கோடு' எண்ணைத் தேடிக் கம்ப்யூட்டரில் பதிவதுதான் வேலை. "எங்க மருமவ சீக்குக்கு நம்பர் போடுதா" என்று தாராவியில் அவள் மாமியார் சொல்வாள். அதில் தப்பொன்றும் இல்லை.

அன்று வந்த கேஸ் எதிர்வீட்டுச் சுடலைக்கண்ணன். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சமையல்காரர். உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டதால், காமாலை இல்லை என்று சீட்டு வாங்காமல் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வேறு ஆளுக்கும் சொல்லி வைத்தாயிற்று.

திரையில் முதல் வரியே 'பீலியா' என்றிருந்தது. இந்தியில் அது காமாலை. அதற்கான கோடும் தானாக விழுந்திருந்தது. கீதா கீழே படித்தாள். கண்ணின் வெள்ளை தெளிவு, காமாலையில் கூடும் பிலிருபினும் ரத்தத்தில் சரி. சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்து, மாதக்கணக்கில் கேரட்டும் பரங்கிக்காயுமே சாப்பாடு. நோயின் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி முப்பிடாதியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, கவுண்டர்ல என்ன சொன்னிய?"

"ஹாத் பீலான்னேன். கை மஞ்சளா இருக்குன்னுதானட்டி அர்த்தம்?"

"அவ பீலியான்னு அடிச்சிட்டா."

"நாசமாப் போவா! நம்பர் போடுதவ நீதான, மாத்திப் போட்டுரு."

"நான் டாக்டரா? அவுக எழுதணும், நான் போடணும். மாத்தி நடந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்."

கோடு போடும் கோடர் டாக்டரிடம் விடையைத் தானே சொல்லிக் கேட்கக்கூடாது. 'தோல் மஞ்சளானதற்குக் காரணம் என்ன?' என்று மட்டும் கேட்டு, அவரைப் பார்த்த டாக்டர் சாருலதாவுக்கு அனுப்பினாள். ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகே பதில் வந்தது. 'கேரட், பரங்கிக்காயால் உடம்பில் கரோட்டின் மிகுதி. காமாலை அல்ல. தொற்றாது.'

கீதா காமாலையின் கோடு எண்ணை அழித்துவிட்டு இதற்குரிய E67.1 போட்டாள். சீட்டு அச்சாகி வந்தது.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் முப்பிடாதியம்மாள் செய்தி சொன்னாள். "முதலாளி சீட்டைப் படிச்சாராம், கண்ணை இழுத்துப் பாத்தாராம். 'சரி, உள்ள போம். பரங்கிக்காய் சாம்பாருக்குத்தான், உமக்கில்லை'ன்னுட்டாராம்."

"சர்க்கரைக்கு என்ன சாப்பிடணும்னு டாக்டர்ட்ட கேட்டியளா?"

"அதைக் கேக்கலையேட்டி."

"இன்னைக்கே போய்க் கேளுங்க. தமிழ்லயே சொல்லுங்க, நான் வந்து நிக்கேன்" என்று கீதா குடத்தைத் தூக்கினாள்.