இசட் டிரைவைப் பிடித்த சனி

வைகாசி முகூர்த்தக் கூட்டம். காந்தி ரோட்டில் நான் சிஸ்டம் அட்மினாக இருந்த பட்டுக் கடையில், காலையில் திறந்ததுமே எல்லா பில்லிங் கவுன்டரும் படுத்துவிட்டன.

“அண்ணா, டேட்டா பாத் இல்லன்னு வருதுண்ணா,” என்று கேஷியர் கல்பனா இன்டர்காமில் அழைத்தார்.

எனக்கு ஆச்சரியமில்லை. முந்தின நாள் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் இருக்காது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம்: ஊழியர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்ததும் அவருக்கு வேண்டிய ஃபோல்டர், பிரின்டரை எல்லாம் தானாக இணைத்துத் தருவது லாகின் ஸ்கிரிப்ட். எங்கள் ஸ்கிரிப்ட், சர்வரில் இருந்த பில்லிங் ஃபோல்டரை இசட் டிரைவாக மேப் செய்யும்; அதாவது, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இசட் என்ற பெயரில் காட்டும். பில்லிங் சாஃப்ட்வேரை எழுதிய புண்ணியவான் அந்த இசட்டை யாரும் மாற்ற முடியாதபடி உள்ளேயே எழுதிவைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

முந்தின நாள் முதலாளி ஒரு எண்கணித நிபுணரைக் கடைக்கு அழைத்து வந்திருந்தார். பெயர்ப்பலகையைத் திருத்தி முடித்த அவர் பார்வை, கம்ப்யூட்டர் திரையில் விழுந்தது. உடனே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, இசட்டுன்னா கடைசி எழுத்து. வியாபாரத்த கடைசில வச்சிக்கினு இருந்தா எப்படிப்பா ஏறும்? எல்லுன்னு மாத்திடு. லட்சுமி.”

“சார், சாஃப்ட்வேர் இசட்டைத்தான் தேடும். மாத்தினா பில்லு வராது.”

“அவரு எவ்ளோ பெரிய ஆளு! நீ அவருக்கே சொல்லிக் குடுக்கிறியா?”

சர்வருக்குப் பெரிய ஆளைத் தெரியாது. ஆனால் சம்பளம் சர்வர் போடுவதில்லை. மாற்றினேன்.

நான் கவுன்டருக்கு ஓடியபோது, செய்யாறிலிருந்து வேன் பிடித்து வந்த கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவையை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். புடவையில் இருந்தது பார்கோடு மட்டும்; விலை சர்வரில். பெண்ணின் அப்பா, “பக்கத்து கடைல பாத்துக்கலாம் வாங்க,” என்று எழுந்தார்.

முதலாளி கல்பனாவிடம் பாய்ந்தார். “இன்னாத்தம்மா அமுக்கித் தொலச்ச?”

கல்பனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அடக்கிவைத்திருந்த என் வாய் தானாகத் திறந்தது.

“அவங்க எதையும் தொடல சார். லட்சுமி உள்ள வந்தாங்க, இசட்டு வெளிய போயிடுச்சு. அவ்ளோதான்.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி கல்யாண வீட்டாரைப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, “எதையாச்சும் பண்ணுபா. ஆனா எல்லு இருக்கணும்,” என்றார்.

ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். அதே ஃபோல்டர் எல் டிரைவாகவும் வரும், இசட் டிரைவாகவும் வரும். இசட் மட்டும் திரையில் கண்ணுக்குத் தெரியாது. எல்லோரையும் லாக்-ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரச் சொன்னேன். பில் வந்தது. கல்யாண வீட்டார் புடவையோடு வேனேறினார்கள்.

முதலாளி கல்பனாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ரோஸ் மில்க் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அவர் அகராதியில் அது கிட்டத்தட்ட மன்னிப்புதான். முகூர்த்த மாதத்தில் வியாபாரம் ஏறிய அதிசயத்துக்காக நிபுணருக்குப் பட்டு வேட்டி போனது.

நான் கற்ற பாடத்தை அந்த ஸ்கிரிப்டிலேயே, இசட் வரிக்கு மேல், அடுத்து வரும் அட்மினுக்காக கமென்டாக எழுதிவைத்தேன்: “இந்த வரியை நீக்காதே. இது இருப்பதை முதலாளியிடம் சொல்லாதே.”