x⁴ + 4 உடைந்த மதியம்

கல்லூரியில் அந்தக் கணிதப் பேராசிரியருக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. பல்லுறுப்புக் கோவை எதைக் கொடுத்தாலும் முதலில் அதற்கு மூலம் இருக்கிறதா என்று பார்ப்பார்; அதாவது, x-க்கு எந்த மெய்யெண்ணைப் போட்டால் பூஜ்யம் வரும் என்று. ஒன்றும் சிக்காவிட்டால், "பூட்டியாச்சு. இனிமே காரணியா உடைக்க முடியாது" என்பார். கணிதத் துறையில் அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் அப்படி இல்லை என்பதால் கல்லூரியில் கொஞ்சம் தாராளமாகவே சொல்வார்.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் அவர் விதி பிசகாது. x⁴ வரும் நான்காம் படிக்கு ஆகாது: மூலமே இல்லாத இரண்டு சின்னக் கோவைகள் உள்ளே கமுக்கமாக உட்கார்ந்திருக்கலாம். இது அவருக்கும் ஒரு காலத்தில் தெரியும். சொல்லிச் சொல்லி விதி வாயில் ஒட்டிக்கொண்டது. விலக்கு எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

தேர்வில் x⁴ + 4 என்ற கோவையைக் கொடுத்து, உடைக்க முடியாது என்று நிறுவச் சொன்னார். வகுப்பே நிறுவியது. ஒரு மாணவி மட்டும் அதை இரண்டாக உடைத்து வைத்திருந்தாள். பூஜ்யம் போட்டார். அந்தப் பூஜ்யத்தில் அவள் தேறாமல் போனாள்.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரிக்க ஆசை. "ஒரு மேதாவி பண்ண வேலையப் பாருங்க" என்று பலகையில் எழுதினார்: (x² + 2x + 2)(x² − 2x + 2). எங்கே இடிக்கிறது என்று காட்டப் பெருக்கிக்கொண்டே போனார். நடு உறுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மிஞ்சியது x⁴ + 4.

"அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்றார் புள்ளியியல் அம்மா, சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல. கையெழுத்து சரியில்ல." உள்ளங்கையாலேயே பலகையை அழித்தார்.

நேர்மையான மனிதர்; மதிப்பெண்ணை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்ட அலுவலகத்துக்கு மட்டும் 'கூட்டலில் பிழை' என்று சொல்லி வைத்தார். கூட்டல் பிழை ஜலதோஷம் மாதிரி. யாருக்கும் வரும், மரியாதை குறையாது.

மாணவி நன்றி சொல்ல ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள்.

"நல்லவேளை சார், கூட்டலத் திரும்பப் பாத்தீங்க. இல்லன்னா போயிருப்பேன்."

"பரவால்லம்மா."

"அந்த x⁴ கணக்கு என் தப்புதான் சார். அப்பாகூட திட்டினாரு, வாத்தியாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோன்னு. இனிமே மூலம் இல்லன்னா அதுல கை வைக்கவே மாட்டேன்."

புள்ளியியல் அம்மா இப்போது தலையைத் தூக்கியிருந்தார். "போய்ட்டு வாம்மா" என்றால் போதும். அதைச் சொல்லத்தான் பேராசிரியர் வாயைத் திறந்தார்.

"கூட்டல் சரியாத்தான் இருந்துச்சு" என்று வந்தது. "உன் விடையும் சரி. நான்தான்... நீ எழுதுறப்ப பெருக்கிப் பாத்தியா?"

"பாத்தேன் சார். சரியாதான் வந்துச்சு. நீங்க வராதுன்னு சொன்னதால, பெருக்கத் தெரியலன்னு நெனச்சிட்டேன்."

அவர் எழுந்தார். சாக்பீஸை நீட்டினார். "பலகையில போடும்மா. எல்லாருக்கும் தெரியுற மாதிரி."

அவள் பெருக்கினாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். சாக்பீஸ் சத்தம் நின்ற பிறகும் திரும்பவில்லை.

"வந்துருச்சு சார்" என்றார் புள்ளியியல் அம்மா, மெதுவாக. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கா."